சிறுவயதில் புற்றுநோய் வந்து குணமானவர்களுக்கு ஆன்லைன் வாழ்க்கைமுறைப் பயிற்சி: தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்கள் தொடங்குவது எப்படி?

சிகிச்சை முடிந்து சில வருடங்கள் ஆனதும், "இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும்" என்பார்கள். அந்த ஒரு தடவையும் நாளாவட்டத்தில் விட்டுப்போகிறது. பையன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறான், பெண்ணுக்குக் காலேஜில் லீவு கிடைப்பதில்லை, பெங்களூரு கித்வாய், அடையாறு, வேலூர் என்று சிகிச்சை நடந்த ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போகிறது. நோய் போனது உண்மைதான். ஆனால் நோயை விரட்டிய கீமோவும் கரண்ட்டும் (கதிர்வீச்சு) இதயம், எலும்பு, சிறுநீரகம், தைராய்டு, நரம்பு என்று ஏதோ ஓரிடத்தில் தடம் விட்டிருக்கலாம். அது பத்து, இருபது வருடம் கழித்துக்கூடத் தலைகாட்டும். அதன்மேல் தொப்பை, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை என்று சேர்ந்தால் பாதிப்பு கூடும். பழைய மருந்தை உடம்பிலிருந்து திரும்ப எடுக்க முடியாது. பின்னால் சேர்வதைத் தடுக்கலாம். வாழ்க்கைமுறைப் பயிற்சியின் வேலை அவ்வளவுதான்.

பெரும்பாலும் இது இப்படி நடக்கும்: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 30 முதல் 45 நிமிடம், வீடியோ காலில் ஒரு பயிற்சியாளர் பேசுவார். மூன்று முதல் ஆறு மாதம் ஓடும். அவர் மருந்து எழுத மாட்டார், எழுதவும் கூடாது. 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் தொலைமருத்துவ விதிகளின்படி, ஆன்லைனில் மருந்து எழுதும் உரிமை பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டுமே உண்டு. நடை, சாப்பாடு, தூக்கம், பழக்கம் இவற்றில் எதை, எவ்வளவு, எப்படி மாற்றுவது என்று உங்களோடு சேர்ந்து முடிவு செய்து, அது நடக்கிறதா என்று பார்ப்பவரே பயிற்சியாளர்.

முதல் வேலை: பழைய ஃபைலைத் தேடுங்கள்

பயிற்சியாளரைத் தேடும் முன்பே செய்ய வேண்டியது இது. "குழந்தையில் ரத்தப் புற்றுநோய் இருந்தது, சரியாகிவிட்டது" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரும் சரியான ஆலோசனை தர முடியாது. ஒரே நோய்க்கு இரண்டு பிள்ளைகள் வெவ்வேறு மருந்து வாங்கியிருப்பார்கள். ஒருவருக்கு நல்லதாகிற உடற்பயிற்சி இன்னொருவருக்கு ஆபத்தாகலாம்.

சிகிச்சை நடந்த ஆஸ்பத்திரியின் ஓ.பி.யில் "ட்ரீட்மெண்ட் சம்மரி வேண்டும்" என்று கேளுங்கள். பழைய ஓ.பி. அட்டையில் உள்ள நோயாளி எண் கையில் இருந்தால் வேலை சுலபம். எண் தொலைந்திருந்தால் பெயர், சேர்ந்த வருடம், அப்பா பெயர் சொல்லித் தேடச் சொல்லலாம். ஃபைலே கிடைக்கவில்லை என்றால் வீட்டில் கிடக்கும் டிஸ்சார்ஜ் சம்மரிகள், கீமோ போட்டுக் கையெழுத்து வாங்கிய நோட்டு, ரேடியேஷன் அட்டை இவற்றைச் சேர்த்து எடுத்துப் போனால் மருத்துவர் கணக்குப் போட்டுத் தருவார்.

அதில் இருக்க வேண்டியவை: நோயின் பெயர், சிகிச்சை தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும், ஒவ்வொரு மருந்தின் பெயரும் மொத்த அளவும், கரண்ட் வைத்த இடமும் கிரே (கதிர்வீச்சின் அலகு) கணக்கில் அளவும், செய்த ஆபரேஷன்கள், கடைசி எக்கோ (இதய ஸ்கேன்). மொத்த அளவு என்ற இடத்தைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். பயிற்சிக்கு அதுதான் மிக முக்கியம்.

சிவப்பு நிறத்தில் ஏற்றுவார்களே, டாக்ஸோரூபிசின், டௌனோரூபிசின், அவை இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடியவை. மொத்த அளவு உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ போயிருந்தால் அதிக ஆபத்துப் பிரிவு, 100 முதல் 250 வரை நடுத்தரம். முதல் பிரிவினர் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அடுத்தவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒரு முறையும் எக்கோ எடுக்க வேண்டும் என்பதே இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் வழிமுறை. நெஞ்சில் கரண்ட் வைத்தவர்களுக்கும் அளவைப் பொறுத்து இது பொருந்தும்.

வின்கிரிஸ்டின் பாதத்து நரம்பைத் தொடும். குதிகாலால் நான்கு அடி நடக்கச் சொன்னால் தெரிந்துவிடும், முன்பாதம் தூக்க வராது. ஸ்டீராய்டு நிறைய போனவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறையலாம், இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்த ஓட்டம் கெட்டிருக்கலாம். சிஸ்பிளாட்டின் காதையும் சிறுநீரகத்தையும், ஐஃபோஸ்ஃபமைடு சிறுநீரகத்தையும், பிளியோமைசின் நுரையீரலையும் பாதிக்கக்கூடியவை. கழுத்தில் கரண்ட் வைத்திருந்தால் வருடத்துக்கு ஒரு முறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். தலையில் வைத்திருந்தால் எடை கூடுவதும், வளர்ச்சி ஹார்மோன் குறைவதும், படித்தது மெதுவாக ஏறுவதும் இருக்கலாம்.

கிடைத்த தாள்களை வெளிச்சத்தில் நேராக வைத்துப் படம் எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தாலும் மின்னஞ்சல் இருக்கும்.

அடுத்து மருத்துவர் ஒப்புதல். எக்கோ பழையதாக இருந்தால் புதிதாக எடுத்த பிறகுதான் உடற்பயிற்சி. ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, தேவைப்பட்டால் தைராய்டு, கிரியாட்டினின் ஆகியவற்றை பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாம். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் அரசின் ஆன்லைன் மருத்துவச் சேவையான இ-சஞ்ஜீவனியில் இலவசமாக ஒரு மருத்துவரிடம் பேசலாம்.

யாரிடம் சேர்வது?

பிசியோதெரபி அல்லது ஊட்டச்சத்துப் படிப்பு முடித்தவராகவோ, புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்த்த செவிலியராகவோ இருந்தால் நல்லது. சிகிச்சை தந்த ஆஸ்பத்திரியே நடத்தினால் இன்னும் நல்லது. சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் ட்ரீட்மெண்ட் சம்மரியைப் படிப்பீர்களா? என் மருத்துவரோடு பேச வேண்டி வந்தால் பேசுவீர்களா? நான் சொல்வதையும் அனுப்பும் படங்களையும் யார் யார் பார்ப்பார்கள்? முதல் கேள்விக்கே "அதெல்லாம் தேவையில்லை, எல்லாருக்கும் ஒரே பேக்கேஜ்தான்" என்று பதில் வந்தால் விலகிவிடுங்கள். ஷேக், பவுடர், மூலிகை டானிக் விற்பவரிடமும் அப்படியே. ஒரு டப்பா விற்றால் அவருக்குக் கமிஷன், சிறுநீரகம் உங்களுடையது.

மொழியையும் பாருங்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் நிறைய. சமைப்பவருக்குப் புரியாத மொழியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லி என்ன பயன்?

18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதல் அவசியம். ஆனால் 14 வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடமாவது தனியாகப் பேச இடம் கொடுங்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எல்லாக் கேள்விக்கும் அம்மாவே பதில் சொல்வார்.

இன்னொன்று நம் ஊரில் பேசப்படாமல் போகிறது. வரன் பார்க்கும் வயதில் இருப்பவர்கள் நோய் இருந்ததை அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். வாட்ஸாப் குழுவின் பெயரிலேயே 'கேன்சர்' என்று போட்டால், போனைக் கையில் வாங்கியவர் எல்லாம் பார்ப்பார்கள். பெயரை மாற்றச் சொல்லுங்கள், நோட்டிஃபிகேஷனில் செய்தி தெரியாதபடி வையுங்கள், கால் வரும்போது இயர்போன் போடுங்கள்.

வீட்டில் தயார் செய்ய வேண்டியவை

தையல்காரர் டேப் ஒன்று, எடை மெஷின், ஒரு 40 பக்க நோட்டு, கையில்லாத நாற்காலி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு. பி.பி. மெஷின் வாங்க வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலரிடம் கருவி இருக்கும், கேட்டால் பார்த்துச் சொல்வார். (2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.) அளக்கும் முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். அரை மணி நேரத்துக்குள் டீ குடித்திருக்கக் கூடாது. பாதம் தரையில், கை இதய மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள்.

இடுப்பளவு எடுப்பதில் எல்லாரும் தப்பு செய்கிறார்கள். பேண்ட் கட்டும் இடம் இடுப்பு அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட நிலையில் டேப் தோலைத் தொட்டும் அழுத்தாமலும் இருக்க வேண்டும். பெரியவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடைதான். ஆனால் இந்தக் கூட்டத்தில் பி.எம்.ஐ. ஏமாற்றும். சிறுவயதில் ரத்தப் புற்றுநோய் வந்தவர்களில் பலருக்குத் தசை குறைந்து கொழுப்பு கூடியிருக்கும். எடை மட்டும் பார்த்தால் 'நார்மல்' என்றுதான் தெரியும். ஆபரேஷனில் கால் எடுக்கப்பட்டவர்களுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. அதனால்தான் டேப்.

சிட்டேரி, வத்தல்மலை, அஞ்செட்டி மாதிரி மலைப்பகுதிகளில் வீடியோ கால் பாதியில் நின்றுபோகும். முன்கூட்டியே பேசிவையுங்கள்: இரண்டு முறை அறுந்தால் சாதாரணப் போன் கால். உடற்பயிற்சி காட்டும் வீடியோவை வைஃபை உள்ள இடத்தில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம். உடற்பயிற்சி நாளில் போனை இடுப்பு உயரத்தில், ஆறேழு அடி தள்ளி, குறுக்காக வையுங்கள். முகம் மட்டும் தெரிந்தால் முட்டி எப்படி மடங்குகிறது என்று பயிற்சியாளருக்குத் தெரியாது.

சிகிச்சையின் தடம் ஆன்லைன் காலையே பாதிக்கும் என்பதைப் பயிற்சியாளர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். சிஸ்பிளாட்டினால் காது மந்தமானவர் வீடியோ காலில் பாதி வார்த்தையை விட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுவார். பயிற்சியாளர் முகம் வெளிச்சத்தில் தெரிய வேண்டும், பேசியதை முடிவில் எழுதி அனுப்ப வேண்டும். தலையில் கரண்ட் வைத்தவருக்கு 45 நிமிடம் அதிகம். 20 நிமிடம், ஒரு நேரத்தில் ஒரே விஷயம். விழித்திரைப் புற்றுநோயில் பார்வை இழந்தவருக்கு வீடியோவைவிட, படிப்படியாகச் சொல்லும் குரல் பதிவு உதவும். உங்களுக்கு எது தேவையோ அதை முதல் காலிலேயே கேட்டுவிடுங்கள்.

முதல் கால், முதல் இலக்கு

நல்ல பயிற்சியாளர் முதல் நாளில் அதிகம் பேச மாட்டார், கேட்பார். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், ஷிப்ட் என்ன, வீட்டில் யார் சமைக்கிறார்கள், எதை மாற்ற விருப்பம். பிறகு ஒரு இலக்கு. "இதைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை 0 முதல் 10-இல் எவ்வளவு?" என்று கேட்பார். 7-க்குக் கீழே சொன்னால் இலக்கைச் சிறிதாக்க வேண்டும். "தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங்" என்பது பத்து நாளில் செத்துப்போகும் இலக்கு. "ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடப்பேன், வாரத்தில் நான்கு நாள்" என்பது நிற்கும். எப்போது, எங்கே, எத்தனை நாள் என்று மூன்றும் அதில் இருக்கின்றன.

நடையை எண்ணுவதென்றால் முதல் ஏழு நாள் எதையும் மாற்றாமல் எண்ணுங்கள். சராசரி 3,200 வந்தால் அடுத்த இரண்டு வாரம் 3,700. பத்தாயிரம் என்ற எண்ணை மறந்துவிடலாம்.

உடற்பயிற்சி

உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுக்குத் தினம் சராசரி 60 நிமிடமும், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடமும் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. பெரியவர்களுக்குக் கூடவே வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி. அது போய்ச் சேர வேண்டிய இடம். தொடங்குவது ஒரு நாளைக்குப் பத்து நிமிடமாகவும் இருக்கலாம். மிதமான வேகம் என்றால் நடந்துகொண்டே பேச முடியும், பாட முடியாது. ஏப்ரல், மே வெயிலில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். நெடுஞ்சாலை ஓரம் வேண்டாம். பள்ளி மைதானமோ ஏரிக்கரையோ போதும்.

தசைப் பயிற்சிக்கு: நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது 10 முறை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது 10 முறை, குதிகாலை உயர்த்துவது 10 முறை, தண்ணீர் பாட்டிலைத் தோள் வரை தூக்குவது 10 முறை. இரண்டு சுற்று, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

இந்த மூச்சு விஷயம் சிவப்பு மருந்து வாங்கியவர்களுக்கு இரட்டிப்பு முக்கியம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமாகத் தூக்கினால் இதயத்தின் மேல் திடீர் அழுத்தம் ஏறும். ஜிம்மில் சேர விரும்பினால் எக்கோ ரிப்போர்ட்டை இதய மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான். ஒரு சிறுநீரகம் எடுக்கப்பட்டவர் நடக்கலாம், ஓடலாம், நீந்தலாம். கபடி போல வயிற்றில் அடிபடும் விளையாட்டுக்கு மருத்துவரைக் கேளுங்கள். முட்டியிலோ தொடையிலோ உலோக மூட்டு வைத்தவர்களுக்குக் குதிப்பதும் ஓடுவதும் வேண்டாம், சைக்கிளும் நீச்சலும் நல்லது. பாதம் மரத்துப்போகிறவர்கள் வரப்பில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. பின்பட்டை உள்ள செருப்பு போட்டு, இரவில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். முள் குத்தியதே தெரியாது. இடுப்பிலோ தொடை இடுக்கிலோ வலி வந்து நொண்டினால் 'பழக்கமில்லாத வலி' என்று தாங்கிக்கொண்டு நடக்காதீர்கள், எக்ஸ்ரே அல்லது எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

உடம்புவலிக்கு மெடிக்கலில் கேட்டால் டைக்ளோஃபெனாக் தருவார்கள். ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்களுக்கும், சிஸ்பிளாட்டின் அல்லது ஐஃபோஸ்ஃபமைடு வாங்கியவர்களுக்கும் அது வேண்டாம்.

நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், படுத்தால் மூச்சுத்திணறல், கால் வீக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; பயிற்சியாளருக்கு மெசேஜ் போட்டுக் காத்திருக்கக் கூடாது. நெஞ்சுவலிக்கும் மயக்கத்துக்கும் 108. மண்ணீரல் எடுக்கப்பட்டவருக்குக் காய்ச்சல் என்றால் உடனே மருத்துவர்.

சாப்பாடு, தண்ணீர்

சிகிச்சைக் காலத்தில் எலும்பும் தோலுமாக இருந்த பிள்ளை "சாப்பிட்டால் போதும்" என்று, அது கேட்டதையெல்லாம் அம்மா கொடுத்திருப்பார். அந்தப் பழக்கம் பத்து வருடம் கழித்தும் தொடர்கிறது. எனவே சாப்பாட்டைப் பற்றிப் பேசும் காலில் சமைப்பவரும் இருக்கட்டும். அவரைக் குற்றம் சொல்லும் தொனியில் பேசினால் திட்டம் அங்கேயே முடிந்தது.

இந்தப் பக்கத்துச் சாப்பாட்டை மாற்ற வேண்டியதே இல்லை. பழையதைத் திரும்பக் கொண்டுவந்தால் பாதி வேலை முடியும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1,000. 75 கிராம் மாவில் கிண்டிய களி, இரண்டு டம்ளர் பால் அல்லது மோர், கீரை என்றால் ஏறக்குறைய வந்துவிடும். ஸ்டீராய்டால் எலும்பு மெலிந்தவர்களுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. களிக்குத் தொட்டுக்கொள்ள அவரைக்கொட்டைக் குழம்போ கொள்ளுக் கடைசலோ இருந்தால் புரதமும் ஆயிற்று. சாமை, தினை எல்லாம் நல்லவைதான், ஆனால் தட்டு நிறையச் சாப்பிட்டால் அவையும் மாவுச்சத்துதான். காயும் பழமும் சேர்ந்து ஒரு நாளைக்கு 400 கிராம். உப்பு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் இந்தக் கணக்குக்குள் வரும்.

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிக்காரரிடம் மாம்பழம் சாப்பிடாதே என்று சொல்லும் பயிற்சியாளருக்கு ஊர் தெரியாது. சர்க்கரை நோய் இல்லாதவர் ஒரு நடுத்தரப் பழத்தை வெட்டி, சாப்பாட்டுக்கு நடுவேளையில் சாப்பிடலாம். ஜூஸாக வேண்டாம், பாட்டில் மாம்பழ பானத்தில் சேர்க்கும் சர்க்கரை வேறு கதை.

தண்ணீருக்கு வருவோம், இங்கே அதுதான் பெரிய விஷயம். இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஃப்ளூரைடைப் பெருமளவு வெளியேற்றுவது சிறுநீரகம். அது ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் ஃப்ளூரைடு எலும்பில் அதிகமாகத் தங்கும். எனவே குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீரையே பிடித்து வையுங்கள். போர் தண்ணீர்தான் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டவே கூடாது. காய்ச்சினால் ஃப்ளூரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. குறைக்கும். முதுகு, மூட்டு இறுக்கம் வந்தால், எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பொதுவான உணவுப் பட்டியல் எதுவும் உதவாது. ஒருவருக்குப் பாஸ்பரஸ் சிறுநீரில் வீணாகிக் குறைந்திருக்கும், இன்னொருவருக்குக் கட்டுப்படுத்தச் சொல்லியிருப்பார்கள். ரத்தப் பரிசோதனை பார்த்த மருத்துவர் சொன்னதே கணக்கு. புரோட்டீன் பவுடரும் அப்படியே.

புகையிலை எந்த உருவத்திலும் வேண்டாம், வெற்றிலையோடு போடும் துண்டும் சேர்த்துத்தான். விட உதவிக்கு 1800-11-2356. எப்போதும் களைப்பு என்பவரைச் சோம்பேறி என்று சொல்லும் முன் தைராய்டு, ஹீமோகுளோபின், எக்கோ மூன்றையும் பாருங்கள். நோய் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் தூக்கம் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

எங்கே நிற்கிறது, ஏன்?

பெரும்பாலும் ஐந்தாவது, ஆறாவது வாரத்தில். முதல் மாத உற்சாகம் தீர்ந்திருக்கும், எடை மெஷினில் ஒன்றும் தெரிந்திருக்காது. தசை கூடும்போது எடை அப்படியே நின்று இடுப்பளவு மட்டும் குறையும், அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும். எடை வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில் போதும். அடுத்த தடை ஷிப்ட் மாறுவது. நைட் ஷிப்ட் வாரத்துக்கு ஒன்று, பகல் வாரத்துக்கு ஒன்று என்று இரண்டு திட்டம் முதலிலேயே எழுதி வையுங்கள். பரீட்சை மாதத்திலும் அறுவடையிலும் இலக்கைப் பாதியாக்குங்கள், பூஜ்யமாக்காதீர்கள். இரண்டு வீடியோ கால் தவறிவிட்டது என்று வெட்கப்பட்டுப் போனை எடுக்காமல் விடுபவர்கள் அதிகம். "இந்த மாதம் முடியவில்லை" என்று ஒரு வரி அனுப்பினால் போதும், நல்ல பயிற்சியாளர் அங்கிருந்து தொடங்குவார்.

ஆறு மாதம் கழித்து வீடியோ கால்களை மாதம் ஒன்றாகவும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்றாகவும் குறைக்கலாம். கடைசிக் காலில் அடுத்த எக்கோ, டி.எஸ்.எச்., ரத்த அழுத்தத் தேதிகளைப் போன் காலண்டரில் பதிந்துவிடுங்கள். நெஞ்சில் கரண்ட் வைத்த பெண்கள், மார்பகப் பரிசோதனையை எந்த வயதில் தொடங்குவது என்று மருத்துவரிடம் கேட்டு அந்த வருடத்தையும் குறிக்க வேண்டும். மற்றவர்களைவிட இவர்களுக்கு அது முன்கூட்டியே தொடங்கும். சிவப்பு மருந்து வாங்கிய பெண்கள் கர்ப்பத்துக்கு முன்போ முதல் மூன்று மாதத்துக்குள்ளோ ஒரு எக்கோ எடுத்து, மகப்பேறு மருத்துவரிடம் முதல் செக்கப்பிலேயே பழைய சம்மரியைக் கொடுக்க வேண்டும்.